சமத்துவமும் சமநீதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

'ஈக்வாலிட்டி', 'ஈக்விட்டி' ஆகிய இரு ஆங்கிலச் சொற்களையும் பலர் 'சமத்துவம்' என்றே பெயர்த்துவிடுகின்றனர். மேடுபள்ளமற்றது, நியாயமானது என இருபொருள் தரும் 'ஐக்வஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்தே இரண்டும் கிளைத்தன. ஆயினும், தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நேரக்கணக்கில் நீர்விடுவதும், வாய்க்காலில் கசிந்து குறைவதை எண்ணிக் கடைமடைக்குக் கூடுதல் நேரம் விடுவதும் ஒன்றல்ல என்பதைக் கீழ்பவானிப் பாசன உழவர்கள் நன்கறிவர். முன்னது 'ஈக்வாலிட்டி', அதாவது சமத்துவம்; பின்னதாகிய 'ஈக்விட்டி'யைச் 'சமநீதி' எனலாம். சமத்தைக் குறிக்கும் 'பார்' என்னும் மற்றொரு லத்தீன் வேரிலிருந்து, இருதரப்பில் எதனோடும் இணைசேராத ஒற்றையாளர் என்ற பொருளில், ஆட்ட நடுவரைக் குறிக்கும் 'அம்பயர்' பிரெஞ்சு வழியாக வந்ததை அறிந்தபோது பெரிதும் வியந்தேன். இத்தகைய சொற்பிறப்புகளை மாணவர் பகுதியில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு),
கோபிசெட்டிபாளையம்.