செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்கக் கண்ணைப் பற்றித்தான்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், மதுரையில் லேத், வெல்டிங், கிரைண்டிங் என்று பட்டறையை நம்பிப் பிழைக்கிற முதலாளி, தொழிலாளி, ஹெல்பர் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். ஆயுத பூஜை நன்றாக நடந்தது, மாதக் கூட்டம் தவறவில்லை, மின்கட்டணம் குறித்து நாம் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. வழக்கமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் கண் விஷயம். போன பொதுக்குழுவில், கூட்டத்துக்குக் கூட்டம் அரை மணி நேரம் உடல்நலம் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தபோது முதுகுவலி, காது மந்தம், சர்க்கரை என்று ஒரு பட்டியலே இருந்தது. முதல் கூட்டத்துக்கே ஒருவர் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர். பட்டியல் அப்படியே கிடக்க, வருஷம் கண்ணிலேயே போய்விட்டது. ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனைப் படிப்பு) படிக்கிற, நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து வந்து நமக்குத் தமிழில் சொன்னார். அதில் பெரும்பாலானவை நம் மதுரை மாவட்டத்து ஆட்களை வைத்து, நம் ஊரிலேயே செய்த ஆய்வுகள் என்று தெரிந்தபோது பலருக்கு ஆச்சரியம், எனக்குக் கொஞ்சம் கோபம். கோபம் ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டுக் கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண்ணோடு சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஒரு மாவட்டத்தில் அதே மாதிரி எடுத்த கணக்கு ஒரு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு! அடுத்து, 1994 தொடக்கத்தில் மூன்று மாதத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை விசாரித்துப் பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. பட்டது பெரும்பாலும் வயல்காட்டில், நெல் தாள், செடி கொடி, மாட்டு வால் என்று. பூஞ்சையால் வருவதும் பாக்டீரியாவால் வருவதும் ஏறக்குறைய சரிபாதி, பூஞ்சைகளில் முன்னால் நிற்பது ஃபியூசேரியம் என்ற ஒன்று. நாம் விவசாயிகள் இல்லையே என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் வைக்கோல் கீறினாலும் இரும்புப் பொடி கீறினாலும் கருவிழியின் மேல்தோல் உரிகிறது, உரிந்த இடத்தில் கிருமி ஏறுகிறது, வழி ஒன்றுதான். அப்புறம், நம் ஹெல்பர் தம்பிகளில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கதிர் அறுக்கிறவர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் வெளிவந்த கிராம ஆய்வு. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு மாதம் கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்துக் கவனித்திருக்கிறார்கள். கண்ணில் ஏதாவது பட்டால் உடனே அந்தப் பணியாளரிடம் வர வேண்டும், அவர் ஒரு சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார், கருவிழியில் சிராய்ப்பு தெரிந்தால் மூன்று நாளைக்குக் களிம்பு. இப்படிச் சிராய்ப்போடு வந்த 374 பேரில் ஒரு பாதிக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகாலும் பூஞ்சையைத் தடுக்கும் மருந்தும், மறுபாதிக்குக் குளோராம்பெனிகாலும் வெறும் களிம்பும். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. கடைசியில் எந்தப் பக்கத்திலும் யாருக்கும் புண் ஆகவில்லை. அதற்கு முன் நேபாளத்தில் பக்தபூரில் செய்த ஆய்விலும் இதே கதைதான்: சிராய்ப்பு பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்கள் யாருக்கும் புண் வரவில்லை. மருந்து பெரிய மருந்தில்லை, விலையும் அதிகமில்லை. சீக்கிரம் வந்ததுதான் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது நம் பட்டறைக்கு வருவோம். கிரைண்டிங் பொடி கண்ணில் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் தேய்க்கிறோம். அப்புறம் வேட்டி நுனியை முறுக்கி எடுக்கப் பார்க்கிறோம். வரவில்லை என்றால் ஒவ்வொரு தெருவிலும் இதற்கென்றே பெயர் போன ஒரு கை இருக்கும், அவர் ஊசி முனையிலோ பிளேடு முனையிலோ எடுத்துவிடுவார். அவர் மேல் நமக்கு மரியாதை உண்டு, நிறையப் பேருக்கு எடுத்தும் விட்டிருக்கிறார், ஆனால் அந்த ஊசி எங்கே கிடந்தது? அதுவும் இரும்புப் பொடி என்றால் சில மணி நேரத்திலேயே சுற்றித் துரு இறங்கி வளையமாகப் படிய ஆரம்பித்துவிடும். பொடியை எடுத்தாலும் துரு நிற்கும், உறுத்தும். இந்த வருஷத்திலிருந்து சங்கத்தின் வேண்டுகோள்: ஊசி வேண்டாம், சுத்தமான தண்ணீரில் கழுவி, போகவில்லை என்றால் அன்றைக்கே கண் டாக்டரிடம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம். வண்டி எடுக்க ஆள் இல்லை என்றால் செயற்குழுவில் யாரையாவது கூப்பிடுங்கள், நடு வேலையாக இருந்தாலும் வருவோம்.

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து பற்றிக் கூட்டத்தில் சண்டையே வந்தது. கண் சிவந்தால் கடையில் போய் நின்று கேட்கிறோம், ஒரு பாட்டில் தருகிறார்கள், பாதி நேரம் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிவப்பு உடனே குறைகிறது, கடைக்காரருக்கு நல்ல பெயர். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு விருந்து. நாள்பட விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை ஓரத்திலிருந்து போகும், போவதும் தெரியாது. வெல்டிங் அடித்தவர்கள் கேட்டு வாங்கும் மரப்பு மருந்து அதைவிட மோசம். அது டாக்டர் பரிசோதனைக்காக ஒரு சொட்டு விடுகிற மருந்து. வீட்டில் வைத்து வலிக்கிறபோதெல்லாம் விட்டால் கருவிழி ஆறாமல் கரைந்துபோகும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று கண்ணில் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். கிழங்கை மூடிய இமைமேல் குளிர்ச்சிக்கு வைத்தால் பரவாயில்லை, கண்ணுக்குள் எதுவும் பிழிய வேண்டாம் என்று ஆப்டோமெட்ரி படிக்கிற அந்தப் பெண் சொன்னதும் ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கு வந்தார், அது வேறு விஷயம்.

மருந்து ஆய்வில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து நல்லதா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்து நல்லதா என்று அரவிந்தும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2013இல் வெளியிட்டார்கள். புதியது ஜெயிக்கும் என்றுதான் நாமெல்லாம் பந்தயம் கட்டியிருப்போம். பழையதுதான் ஜெயித்தது. அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு வித்தியாசம் மிக அதிகம். புதிய மருந்து விட்டவர்களில் கருவிழி ஓட்டை விழுந்தவர்கள் கூடுதல். 2017இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உலகத்தில் எந்த மூலையில் பூஞ்சைப் புண்ணுக்கு டாக்டர் மருந்து எழுதினாலும் நம் பக்கத்துச் சனங்களின் கண் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டபோது கூட்டத்தில் ஒரு பெருமை வந்தது உண்மை.

வெல்டிங் வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் அனுபவம் உண்டு. ஆர்க் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழித் தோலை வேக வைக்கிறது, வலி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால்தான் நடு ராத்திரியில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எழுந்து உட்காருகிறோம். பொதுவாக ஓரிரண்டு நாளில் ஆறிவிடும். அடிக்கிறவரிடம் ஷீல்டு இருக்கிறது. ராடைத் தொடும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுகிற ஹெல்பர் தம்பியிடம் என்ன இருக்கிறது? டாக் அடிக்கிறபோது, அதாவது இரும்பைச் சேர்த்து நிறுத்தச் சின்னப் புள்ளியாக வெல்டிங் வைக்கிறபோது, வெல்டரும் ஷீல்டைப் பிடிப்பதில்லை, சின்னப் புள்ளிதானே என்று. சங்கத்தில் வாங்கிய தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டுகளை இதற்காகத்தான் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். இரண்டு பட்டறைக்கு நடுவில் தடுப்புத் துணி கட்டுவதும் கட்டாயம், பக்கத்துக் கடை லேத்காரர் என்ன பாவம் செய்தார்?

கண்ணாடி போட மாட்டேன் என்கிறார்கள், இவர்களைத் திருத்த முடியாது என்று சில முதலாளிகள் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மலிவு விலைக் கண்ணாடியைப் போட்டால் பத்து நிமிஷத்தில் வேர்வை ஆவி படிந்து அளவு தெரியாது, ஒரு மாதத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். அப்புறம் அது நெற்றியில்தான் ஏறும். பக்கவாட்டில் மறைப்பும் காற்றோட்டமும் உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட கண்ணாடி வாங்கி, கீறல் விழுந்தால் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், போடுவார்கள். அதற்கும் முன்னால் இயந்திரத்தைப் பாருங்கள். ஆங்கிள் கிரைண்டரில் பெரிய வீல் மாட்டுவதற்காகக் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றி வைத்தவர் யார்? பெஞ்ச் கிரைண்டரில் பொருளைத் தாங்கும் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி யார் விட்டது? 2025 நவம்பர் வரை இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 35ஆம் பிரிவே கண் பாதுகாப்புக்குத்தான். பொடி பறக்கிற, வெளிச்சம் தாக்குகிற வேலையில் தடுப்போ கண்ணாடியோ தர வேண்டும் என்றது. நம் பட்டறைகள் பலவும் ஆள் எண்ணிக்கையில் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. கண் அதைப் பார்த்துக்கொண்டு இருக்காது.

உளியும் சுத்தியலும் பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உளித் தலையிலிருந்து தெறிக்கும் துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போனால் சில சமயம் வலியே இருக்காது, ரத்தமும் வராது, பார்வை மட்டும் கொஞ்சம் மங்கும். இரும்பு உள்ளே கிடந்தால் மாதக்கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். இப்படி எப்போதாவது பட்டிருந்தால், எந்த நோய்க்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தக் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை அசைத்துவிடும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 2018இல் வெளியான ஆய்வொன்றில் அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களில் ஒரு பாதிக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது, ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைவிட அதிகம். இலையைப் பார்க்கவே இப்படி என்றால் வெர்னியர் அளவுகோலின் நுண்ணிய கோட்டைப் பார்க்க எப்படி? நம் லேத் அண்ணன்மார்கள் பலர் கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, மைக்ரோமீட்டரைக் கை நீட்டிப் பிடித்துக் குத்துமதிப்பாகப் படிக்கிறார்கள். இந்த வருஷம் நடந்த கண் முகாமில் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கிக்கொண்டவர்கள் இப்போது நேராகவே படிக்கிறார்கள். முகாம் நடத்திக் கொடுத்தவர்களுக்கு நன்றி.

இனி அந்தக் கோபம். இதற்கு முன்னும் நம் பட்டறைகளுக்கு ஆய்வு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். பேர், வயசு, சம்பளம், கண்ணில் எத்தனை முறை பொடி விழுந்தது எல்லாம் கேட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. இந்த வருஷமும் ஒரு கல்லூரியிலிருந்து கேட்டு வந்தார்கள். நம்மை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா என்று சிலர் பயந்ததால் விவரமாகவே பேசினோம். மருந்து சோதனை என்றால் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், 2009 முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும், நமக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. வந்தவர்கள் கேட்டது வெறும் கேள்வித்தாளும் பார்வைப் பரிசோதனையும்தான். செயற்குழு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது: ஆய்வு முடிந்ததும் நம் கூட்டத்துக்கு வந்து, கண்டதைத் தமிழில் சொல்ல வேண்டும், எழுதியும் தர வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இனி வருகிற எல்லோருக்கும் இதே நிபந்தனைதான் என்று தீர்மானமாகப் பதிந்திருக்கிறோம், பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

முதலாளி உறுப்பினர்களுக்கு: இ.எஸ்.ஐ.க்குள் வராத சின்னப் பட்டறை என்றாலும் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களை விடாது. 2025 நவம்பர் வரை இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், மறு கண் நன்றாக இருக்கும்போது, ஒரு கண்ணின் பார்வை போனால் 30 விழுக்காடு, கண்ணே போனால் 40 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று எழுதியிருந்தது. அந்தப் பணத்தைக் கையிலிருந்து கொடுக்க நம்மில் யாராலும் முடியாது, டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு) எடுத்துவிடுங்கள். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொங்கலுக்குள் கட்டிவிடவும். சுற்றுக்கு விட்ட ஹெல்மெட்டுகளில் ஒன்று யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை, வைத்திருப்பவர் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்