உள்பக்கம் திருப்பிப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

மூன்று குர்தா சேர்த்து ஒரே விலைக்குக் கிடைத்ததென்று ஆன்லைனில் வாங்கினாயே, அதில் ஒன்று முதல் துவைப்பிலேயே முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது என்று போனில் சொன்னாய். "எனக்குத் துணி வாங்கவே தெரியலம்மா" என்று நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. போனில் விளக்கலாம் என்றால் நடுவில் உனக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில், தைத்து வந்ததில் குறை பார்க்க நிற்பவள். ஒரு பீஸ் கையில் வந்ததும் எங்கள் கை முதலில் அதை உள்பக்கம் திருப்பும். பிரிண்ட், பட்டன், லேபிள் எல்லாம் அப்புறம்தான். கடையில் நீயும் அதையே செய். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பரவாயில்லை.

திருப்பியதும் தையலைப் பார். துணி ஓரம் பிரியாமல் சுற்றிப் போடுகிற ஓவர்லாக் தையல் ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும். நூல் முனைகள் தொங்கினால், மிச்ச நூலை வெட்டுகிற டிரிம்மிங்கை அவசரத்தில் முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தனியாகப் பெரிய குறை இல்லை. ஆனால் அங்கே அவசரப்பட்டவர்கள் வேறு எங்கே அவசரப்பட்டார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்லது. தையலுக்கு இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து மெதுவாக இழு. இடையில் நூல் தெரிந்து தையல் இளித்தால் அது அதிக நாள் தாங்காது. அக்குளில் நான்கு தையல் வந்து கூடும் இடத்தைக் கட்டாயம் பார். கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். தைத்தது போக ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பார். குர்தாவில் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டிருந்தால் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். விளிம்போடு ஒட்டித் தைத்திருந்தால் அதற்கு வழியே இல்லை.

டி-ஷர்ட் என்றால் தோள்களைப் பிடித்துத் தூக்கிப் பார். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு வந்தால் துணி சரியாக பினிஷ் ஆகவில்லை. துவைக்கத் துவைக்க அந்த முறுக்கு கூடுமே தவிரக் குறையாது. கழுத்தைச் சுற்றி வருகிற ரிப் பட்டியை இழுத்து விடு, உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். தோள் தையலில் உள்ளே ஒரு டேப் வைத்துத் தைத்திருந்தால் தோள் தொங்காது. விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் எடுத்துவிடும் சாமான்களில் அந்த டேப்பும் ஒன்று.

ஜிஎஸ்எம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. தினமும் போடுகிற டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 வரை சரியாக இருக்கும். 140-க்குக் கீழே போனால் வெளிர் நிறத்தில் உள்ளே போட்டிருப்பது தெரியும். 200-க்கு மேலே சென்னை வெயிலுக்கு ஆகாது, காயவும் நேரமெடுக்கும். எண் போடாத இடத்தில் உள்ளங்கையைத் துணிக்குள் விட்டு வெளிச்சத்தில் பிடி. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் விட்டுவிடு. கனம் மட்டும் போதாது, நூலும் நல்லதாக இருக்க வேண்டும். கோம்டு நூல் என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றது. கார்டடு நூலில் அந்தக் குட்டை இழைகள் உள்ளேயே இருக்கும், நான்கு துவைப்பில் மேலே எழும்பி உருண்டை உருண்டையாக நிற்கும். கடையில் இதைக் கண்டுபிடிக்க, துணியைத் துணியோடு வைத்து விரலால் கொஞ்ச நேரம் தேய். சீக்கிரம் பஞ்சு கிளம்பினால் வேண்டாம். புதிதில் வழவழப்பாக இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதே, சாப்ட்னர் போட்டால் எந்தத் துணியும் புதிதில் வழவழப்பாகத்தான் இருக்கும்.

உன் குர்தா ஏன் சுருங்கியது என்றால், நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அது ரேயான். மரக்கூழிலிருந்து செய்கிற நூல் அது. உடுத்தினால் சில்லென்று இருக்கும், அழகாக விழும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீர் பட்டால் சுருங்கும், நனைந்திருக்கும்போது அதன் பலமும் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். பலத்தில் பருத்தி அதற்கு நேர்மாறு, நனைந்தால் கூடும். அதனால் ரேயான் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு அங்குலம் நீளம் கூடுதலாகப் பார்த்து வாங்கு, துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதே. விவரத்தில் 'காட்டன் பிளெண்ட்' என்று மட்டும் எழுதி சதவீதம் போடாமல் இருந்தால் அதில் பருத்தி எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரிய வழியில்லை. அதை காட்டன் விலை கொடுத்து வாங்காதே. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு வந்தபிறகு உள்தையல் ஓரத்தில் விட்டிருக்கிற துணியிலிருந்து ஒரு நூலை உருவி (தைத்த நூலை எடுக்காதே, அது வேறாக இருக்கலாம்), பாத்ரூமில் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பார். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். ஆபீஸ் பேன்ட்டில் கொஞ்சம் பாலியஸ்டர் கலந்திருந்தால் நல்லதுதான், கசங்காது. உடம்போடு ஒட்டுகிற மேல்சட்டையிலும் உள்ளாடையிலும் வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தக் கூட்டத்தில் வேர்த்து வழிகிற ஊர் அது.

சாயம் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடியது உனக்கு ஞாபகம் இருக்கலாம். நொய்யல் ஆறு அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது, சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. அதற்கு ஆகிற செலவு சாயக் கூலியில் ஏறுகிறது, அது நியாயம்தான். பருத்திக்குச் சாயம் ஏற்றிய பிறகு, நூலில் பிடிக்காத மிச்சச் சாயத்தைச் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் திரும்பத் திரும்ப அலச வேண்டும். தண்ணீருக்கும் சூட்டுக்கும் காசு போகிறதே என்று அதைச் சுருக்கினால், அந்த மிச்சம் உன் வாளியில் வந்து இறங்கும், பக்கத்தில் இருக்கிற வெள்ளைத் துணியையும் கெடுக்கும். கருநீலம், மெரூன், கறுப்பு வாங்கும்போது ஈரக் கைக்குட்டையால் உள்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார். லேசாக ஒட்டினால் முதல் இரண்டு மூன்று முறை தனியாக அலசினால் போதும். பளிச்சென்று ஒட்டினால் வைத்துவிட்டு வா. ரொம்ப மலிவான அடர்நிறத்தைக் கண்டால் எனக்கு அந்த ஆறுதான் ஞாபகத்துக்கு வரும். அந்த விலையில் யாரோ எங்கேயோ ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

விலையை நீ பார்க்கிற விதத்தையும் மாற்றிக்கொள். 250 ரூபாய் குர்தா பத்து முறையோடு முடிந்தால் ஒரு முறைக்கு 25 ரூபாய். 700 ரூபாய் குர்தா எழுபது முறை வந்தால் பத்து ரூபாய். அதற்காக விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதே. ஒரே துணி, ஒரே தையல், லேபிள் மட்டும் வேறு வேறாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பெயருக்காகக் கொடுக்கிற காசு துணியில் சேராது.

ஆடித் தள்ளுபடி போர்டு டி.நகர் முழுக்கத் தொங்க ஆரம்பித்திருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், தீபாவளி சரக்குக்கு இடம் வேண்டும். அதனால் இந்த மாதத்தில் நிஜமாகவே நல்ல துணி குறைந்த விலைக்குக் கிடைக்கும். எத்தனை சதவீதம் என்று பார்க்காதே. கழித்தது போக நிற்கிற விலைக்கு இந்தத் துணி தகுமா என்று மட்டும் கேட்டுக்கொள். இன்னொன்று, எம்ஆர்பி என்பது வரி சேர்த்த விலை. அதற்கு மேலே ஜிஎஸ்டி போட்டால் பில்லைக் காட்டிக் கேள். 2025 செப்டம்பரிலிருந்து ஒரு பீஸ் 2500 ரூபாய் வரை 5 சதவீதம்தான் வரி, அதைத் தாண்டினால் 18. கேட்டும் சரிசெய்யவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ரங்கநாதன் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதே, அந்தக் கூட்டத்தில் துணியைத் திருப்பிக்கூடப் பார்க்க முடியாது. வார நாளில் காலையில் போ. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் விலை குறைவு, ஆனால் பல இடத்தில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற குர்தா ஒன்றின் மார்பு, தோள், நீளம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள். ஆன்லைனிலும் எஸ், எம், எல் பார்க்காமல் அந்த அளவையே பார். மாடல் போட்டிருக்கிற படத்தைவிட, வாங்கியவர்கள் போட்டிருக்கிற படம் உண்மையைச் சொல்லும். வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்துவிடு, டேகை அறுக்காதே.

எழும்பூருக்குப் போனால் கோ-ஆப்டெக்ஸில் நுழைந்து பார். 1935-லிருந்து நெசவாளர் கூட்டுறவாக நடப்பது. வயதானவர்கள் போகிற இடம் என்று உன் கூட்டாளிகள் நினைக்கலாம். ஆனால் காட்டன் சுடிதார் துணியும் போர்வையும் அங்கே நம்பி வாங்கலாம், தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடியும் கொடுப்பார்கள்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு, என்று போர்டு போட்ட கடை உன் ஹாஸ்டல் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாய். நிஜமான சர்ப்ளஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சைஸ் விட்டுப் போயிருக்கும், ஒரு டிசைனில் நாலைந்து பீஸ்தான் இருக்கும், லேபிளை வெட்டியிருப்பார்கள் அல்லது கோடு போட்டிருப்பார்கள். ஒரே டிசைன் எல்லா சைஸிலும் எல்லா கலரிலும் அடுக்கி வைத்து, பெரிய வெளிநாட்டு லேபிளும் பளபளவென்று இருந்தால் அது சர்ப்ளஸ் இல்லை. சில பீஸ்களில் எங்களைப் போன்றவர்கள் ஒட்டிய சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர்கூட இருக்கும். அது காட்டுகிற இடத்தில்தான் குறை. எண்ணெய்க் கறை என்றால் துவைத்தால் போகலாம், தாராளமாக வாங்கு. ஊசி ஓட்டை என்றால் வேண்டாம், துவைக்கத் துவைக்க ஓடி விரியும்.

உள்ளாடையில் மட்டும் காசு பார்க்காதே. பருத்தியாக இருக்கட்டும், எலாஸ்டிக் தளர்ந்ததும் தூக்கிப் போடு. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதே, உடம்புக்கு ஆகாது.

துவைப்பதும் வாங்குவதில் பாதி. எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பித் துவை, நிழலில் காயப்போடு. டி-ஷர்ட்டை ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டாதே, தோள் இழுத்துக்கொள்ளும். கொடியில் பாதியாக மடித்துப் போடு. லெக்கின்ஸில் இருக்கிற லைக்ரா என்கிற இழுபடும் நூலுக்குச் சூடு ஆகாது, அயர்ன் பெட்டியை அதன் பக்கம் கொண்டு போகாதே.

இப்போதைக்கு அவசரப்பட்டு ஒன்றும் வாங்காதே. நான்கு குர்தாவும் இரண்டு பேன்ட்டும் இருந்தால் இந்த மாதம் ஓடும். பதினெட்டாம் பெருக்குக்கு வருகிறாய் அல்லவா, ஸ்டேஷன் பக்கத்திலேயே காதர்பேட்டை, இறங்கியதும் சேர்ந்து போய் டி-ஷர்ட்டும் உள்ளாடையும் எடுத்துக்கொள்ளலாம். ஈரோட்டில் கனி மார்க்கெட் சந்தை திங்கள் ராத்திரியே கூடிவிடும், செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்தால் அங்கே நைட்டியும் துண்டும் பார்ப்போம். சுருங்கிப்போன அந்தக் குர்தாவைத் தூக்கிப் போடாமல் எடுத்து வா, கீழே ஒரு பார்டர் வைத்துத் தைக்க முடியுமா என்று டெய்லர் அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா