பழைய கப்பலும் புதுத் தேரும்

கல்கரி, கனடா
ஐப்பசி மாதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வட்சப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். மழை பிடித்துவிட்டது, காலபோகத்துக்கு விதைத்து முடிகிறது என்று கேட்டதில் மனதுக்குப் பெரிய ஆறுதல். இந்த முறையாவது இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயட்டும். அதோடு கோயில் கூட்டத்தில் நடந்த சண்டையையும் சொன்னீர்கள். பிள்ளையாருக்குப் புதுத் தேர் பழையது மாதிரியே வேண்டுமா, உயரமான சிற்பத் தேர் வேண்டுமா என்பதில் ஊர் இரண்டுபட்டு நிற்கிறது, வேலை உங்கள் கையில் வந்திருப்பதால் இரண்டு பக்கமும் உங்களைத்தான் பிடித்து இழுக்கிறது, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டீர்கள். பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் என் வேலைத்தலத்தில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தைச் சொல்ல வேண்டும். தேரைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது அதைக் கேட்டுக் கேட்டுத்தான்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே மூக்கு விறைக்கிறது. மார்கழி, தை இன்னும் வரவில்லை. குசினி அலுமாரி செய்யும் பக்டரியில்தான் இப்போதும் வேலை. முக்கால்வாசியும் மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை. மெஷின் வெட்டும், மெஷினே துளை போடும், நாங்கள் பொருத்தி முடிப்போம். எப்போதாவது நல்ல மேப்பிள் பலகை வந்தால் அதன் வாசத்துக்காகவே அந்த மேசைக்குப் போய் நிற்பேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, மேற்பார்வையாளர் மரியாதையாக நடத்துகிறார். உளி பிடிக்கிற வேலைதான் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் என்னோடு மூன்று பேர். சஸ்கச்சுவானில் கமக்காரக் குடும்பத்தில் பிறந்த ஒரு முதியவர், பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர், ஒரு பஞ்சாபிப் பெடியன். மூன்று பேரும் வாய் திறந்தால் ஒரு விண்கப்பலைப் பற்றித்தான் கதைப்பார்கள். ரீவித் தொடர் ஒன்றில் வரும் கப்பல் அது. கப்பலின் பெயர் என்டர்பிரைஸ், தொடரின் பெயர் ஸ்டார் ட்ரெக்.

நாங்கள் ஜெனரேற்றர் போட்டுப் படம் பார்த்த காலத்தில் இது எங்கள் பக்கம் வந்ததே இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1966 செப்டெம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கி 1969 வரை ஓடிய தொடர், மொத்தம் 79 அங்கங்கள். கப்பலுக்கு முன்னால் பெரிய வட்டத் தட்டு. தட்டிலிருந்து ஒரு கழுத்து இறங்கி, உருளையான ஓர் உடம்பில் போய்ச் சேரும். உடம்பின் பின்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் மேல்நோக்கி விரியும். ஒவ்வொரு கையின் நுனியிலும் நீளக் குழாய் மாதிரி ஓர் எஞ்சின். அவ்வளவுதான். ஆனால் படத்தில் ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது.

இதை வரைந்தவர் மாட் ஜெஃப்ரீஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அவரிடம் சொன்னதெல்லாம் என்ன வேண்டாம் என்பதுதான்: செட்டை வேண்டாம், ரொக்கெட் வேண்டாம், பின்னால் நெருப்புக் கக்க வேண்டாம். சரி, மிச்சத்தை அவரே யோசித்தார். அவ்வளவு வலுவான எஞ்சின் ஆபத்தானது, ஆட்களிடமிருந்து தள்ளி இருக்கட்டும் என்று கைகளின் நுனிக்குக் கொண்டுபோனார். திருத்த வேலை செய்பவன் விண்வெளியில் வெளியே தொங்கக்கூடாது என்று கருவிகளையெல்லாம் உள்ளே வைத்து, வெளித்தோலை வழுவழுப்பாக விட்டார். கப்பலின் இலக்கம் 1701. 3, 6, 8, 9 தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றுக்கு ஒன்று மாறித் தெரியும் என்று அவற்றைத் தவிர்த்தார். உங்களுக்கு இவரைப் பிடிக்கும் அண்ணா. ஒரு கோடு கூடக் காரணமில்லாமல் போடாத மனிதர்.

படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாதிரி கிட்டத்தட்ட மூன்றரை மீற்றர் நீளம், 90 கிலோ அளவில் பாரம். பொப்லர் மரம், பிளாஸ்டிக், உருட்டிய தகரம் எல்லாம் கலந்து செய்தது. வலது பக்கம் மட்டும்தான் முழுதாக முடித்த வேலை. விளக்குகளுக்கான வயர்கள் இடது பக்கத்தால் உள்ளே போனதால் அந்தப் பக்கத்தைக் கமராவுக்குக் காட்டுவதில்லை.

இனி வாக்குவாதத்துக்கு வருகிறேன். 1979இல் முதல் சினிமாப் படம் வந்தபோது கப்பலை மாற்றினார்கள். குழாய் எஞ்சின்கள் தட்டையாகின, நேராக நின்ற கைகள் பின்னோக்கிச் சாய்ந்தன, தோலில் முத்துப் போல ஒரு மினுக்கம் வந்தது. ஆனால் கப்பல் 18 மாதம் துறையில் நின்று மறுசீரமைக்கப்பட்டது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள். சனம் அதை ஏற்றுக்கொண்டது மட்டுமில்லை, பலருக்கு இன்றைக்கும் அதுதான் மிக அழகான வடிவம். 1984இல் வந்த படத்தில் அந்தக் கப்பல் எரிந்து விழுந்ததைப் பார்த்து அழுததாக எங்கள் முதியவர் சொன்னார். 1987இல் வந்தது அதே பெயரில் வேறு கப்பல், அதனால் சண்டை குறைவு. 2009 படத்தில் எஞ்சின்கள் பருத்தன. உள்ளே எஞ்சின் அறை என்று ஒரு பியர் ஆலையில் படம் பிடித்தார்கள். அதை முதியவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பெரிய சண்டை 2018இல் ஒரு புதுத் தொடரில் வந்த கப்பலைப் பற்றி. அந்தத் தொடரின் கதை பழைய தொடருக்கு முந்திய காலத்தில் நடக்கிறது. கப்பலும் அதே கப்பல்தான். ஆனால் திரையில் வந்ததோ கைகள் சாய்ந்த, புதுத் தோல் போட்ட கப்பல். முதியவர் கேட்பது இதுதான்: முந்திய காலத்துக் கப்பல் பிந்திய காலத்துக் கப்பலை விடப் புதிதாக எப்படித் தெரியும்? பஞ்சாபிப் பெடியன் விடமாட்டான். 1966இல் ரீவிப் பெட்டி சின்னது, படம் மங்கல். இன்றைய திரையில் அந்த வெறுந்தோலைக் காட்டினால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் என்பான். பிலிப்பைன்ஸ் அக்கா அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, 1996இல் வேறொரு தொடரில் பழைய வடிவத்தை அப்படியே புதிதாகச் செய்து காட்டினார்களே, யார் குறை சொன்னது என்பார். 2005இலும் அதே வகைப் பழைய கப்பல் ஒன்றைக் கணினியில் செய்து காட்டினார்கள், பழசு என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதற்குப் பெடியனிடம் பதில் இல்லை. ஆனாலும் அடுத்த நாள் புதுப் பதிலோடு வந்துவிடுவான்.

இவர்களை வேலையில்லாத ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். 1968இல் தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றபோது ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி இன்னும் ஒரு வருடம் ஓட வைத்த கூட்டம் இது. 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் வைக்க இருந்தார்கள். வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதி எழுதியே என்டர்பிரைஸ் என்று வைக்கச் செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதியவர் தன் பிக்கப்பில் என்னை வல்கன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். கல்கரியிலிருந்து தெற்கே ஒன்றரை மணித்தியாலம் ஓட்டம். அறுவடை முடிந்த கோதுமைக் காணி கண்ணுக்கு எட்டிய மட்டும். இந்தத் தொடருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே உரோமர்களின் நெருப்புக் கடவுளின் பெயரை அந்த ஊருக்கு ரெயில்வேக்காரர்கள் வைத்துவிட்டார்கள். தொடரில் அதே பெயரில் ஒரு கிரகம் வந்ததும், ஊர்ச்சனம் அதைப் பிடித்துக்கொண்டு 1995இல் றோட்டோரம் ஒரு விண்கப்பலையே கட்டி நிறுத்திவிட்டது. எந்தக் கப்பலின் சரியான பிரதியும் இல்லை அது, பலதையும் பார்த்துச் செய்தது. அதன் கீழே நின்றும் இரண்டு பேர் எஞ்சினைப் பற்றித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு விஷயம் விளங்கியது அன்று பின்னேரம் முதியவர் வீட்டுக் கராஜில்தான். பழைய கப்பலை மரத்தில் செய்துகொண்டிருக்கிறார், என் கை நீளத்துக்கு. உடம்பும் குழாய்களும் கடைந்து முடித்துவிட்டார். கைகள் மட்டும் மிச்சம். காட்போட்டில் இரண்டு விதமாக வெட்டி வைத்திருந்தார், நேர்க்கை ஒரு சோடி, சாய்ந்த கை ஒரு சோடி. நான் பிடித்துக்கொள்ள அவர் தள்ளி நின்று பார்த்தார். நேர்க்கையில் கப்பல் அமைதியாக மிதந்தது. சாய்ந்த கையில் வேகம் தெரிந்தது. இரண்டும் அதே கப்பல்தான், எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பிறகு சும்மா பார்ப்போம் என்று இரண்டு குழாய்களையும் ஒரு பெருவிரல் அகலம் உள்ளுக்குத் தள்ளிப் பிடித்தேன். முழுதும் கெட்டுவிட்டது. தட்டு பெரிதாகி முன்னுக்கு விழுவது போல, உடம்பு சூம்பியது போல. இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. குழாய்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் கப்பல் திரும்பி வந்தது.

அதனால் இப்போது அந்த மேசையில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. தோலை மாற்றலாம், கையைச் சாய்க்கலாம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள தூரத்தில் கைவைக்கக்கூடாது. மாற்றினால், மாற்றினோம் என்று சொல்லிவிட வேண்டும். 1979இல் சொன்னார்கள், சனம் ஏற்றுக்கொண்டது. 2018இல் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்பது போலக் காட்டினார்கள். முதியவரின் கோபம் முழுக்க அந்த இடத்தில்தான், அவர் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பெரிய மாதிரியை 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒருமுறை புதுப்பித்தபோது தோலில் கோடுகளை மிக அழுத்தமாகத் தீட்டிவிட்டார்கள் என்று ரசிகர்களுக்கு நெடுநாள் மனக்குறை. திரும்பவும் செய்யப் புறப்பட்டபோது அருங்காட்சியகத்தார் பொதுசனத்திடமே கேட்டார்கள்: யாரிடமாவது இதன் பழைய படம் இருக்கிறதா? தட்டின் மேற்பக்கத்தில் மட்டும் 1960களின் பெயின்ற் யாரும் தொடாமல் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்தே மற்ற இடத்துக்கும் நிறம் பிடித்தார்கள். 2016இல் வேலை முடிந்து வாஷிங்டனில் பார்வைக்கு வைத்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் குசினிதான் நினைவுக்கு வந்தது. மீள்குடியேறி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வரைபடம். புகை வீட்டுக்குள் வரும், குசினியைப் பழையபடி வெளியே தனியாக வையுங்கள் என்று அம்மா எவ்வளவு கேட்டும் ஒருவரும் காதில் போடவில்லை. கடைசியில் நீங்கள்தான் பின் வளவில் கொட்டில் போட்டுக் கொடுத்தீர்கள். எங்களுக்குத் திருப்பிக் கட்டித் தந்த ஒன்றிலும் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டதில்லை. அதனால் தேருக்காக ஊர் கூடிச் சண்டை போடுகிறது என்றதும் எனக்குக் கவலை வரவில்லை அண்ணா, சந்தோஷமாக இருந்தது. சண்டை போடட்டும். எல்லாரையும் பேச விடுங்கள்.

இனித் தேர். 2008இல் நாங்கள் இடம்பெயரும்போது விட்டுவந்த தேரில் மரம் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் இரும்பு அச்சு இரண்டும் கொட்டகை மண்ணுக்குள் கிடந்து எடுத்தோம் என்று அப்போது சொன்னீர்கள். அந்த அச்சை வைத்தே தொடங்குங்கள். அச்சு நீளம் தெரிந்தால் அடித்தட்டின் அகலம் தெரியும். அடித்தட்டு தெரிந்தால், சில்லு எவ்வளவு உயரம், பிள்ளையார் இருக்கும் பீடம் எவ்வளவு உயரம், அதற்கு மேல் விமானம் எவ்வளவு என்று படத்திலிருந்து கணக்கெடுக்கலாம். படம் எங்கே என்று கேட்பீர்கள். ஊரில் இல்லை, எல்லாம் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் வெளிநாடு வந்தவர்களிடம் இருக்கும். திருவிழாவில் தேருக்கு முன் நின்று படம் எடுக்காத குடும்பம் எங்கள் ஊரில் ஏது? ரொறன்ரோவில் இருக்கும் மாமா வீட்டில் கேட்டிருக்கிறேன், லண்டனில் சித்தியிடமும் சொல்லிவிட்டேன். ஆட்களின் முகத்துக்குப் பின்னால் தேரின் ஒரு துண்டு தெரிந்தாலும் போதும், எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உயரமான சிற்பத் தேர் வேண்டும் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சிற்பம் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், குதிரை புதிதாக வைக்கலாம், நிறம் புதிதாகப் பூசலாம். அளவு மட்டும் பழைய தேரின் அளவு. பழையதை அப்படியே கேட்கிறவர்களுக்கு, இது புதுத் தேர்தான், புதுத் தேர் என்றே சொல்லுவோம் என்று சொல்லுங்கள். அடிப்பீடத்தில் கட்டிய வருடத்தையும், பழைய தேரின் அச்சு இது என்பதையும் வெட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வாசிக்கட்டும்.

மருது மரத்துக்கான பெர்மிற் இழுபடுகிறது என்றீர்களே, மழைக்குள் மரம் தறிக்க அவசரப்பட வேண்டாம். மாரி முழுக்க அளவு எடுக்கவும் படம் சேர்க்கவும் சரியாக இருக்கும். மரத்தை வாங்கினாலும் நன்றாகக் காய விடுங்கள்.

மருமகளின் ரியூஷன் காசு இந்தக் கிழமை போட்டிருக்கிறேன், மச்சாளிடம் சொல்லுங்கள். அம்மாவின் முழங்கால் நோவுக்கு வாங்கிய பூச்சு மருந்தை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன், முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். நீங்கள் நாளைக்கே கொட்டகைக்குப் போய் இரண்டு அச்சையும் துருத் தட்டி, நீளமும் சில்லு ஏறும் முனையின் விட்டமும் அளந்து அனுப்புங்கள். அடிக்கோலை பக்கத்தில் வைத்துப் படமும் எடுங்கள், முதியவரிடம் காட்ட வேண்டும். அவர் என்னைவிட அவசரப்படுகிறார்.

அன்புடன்,
உங்கள் தம்பி