பத்துமலையில் முதல் காலை

ஆசிரியருக்கு,

மலேசியப் பயணக் கட்டுரைகள் பலவும் பத்துமலையைப் பொன்னிற முருகன் சிலையோடு முடித்துவிடுகின்றன. 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் சிலை அழகுதான். பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் வயதோ ஏறக்குறைய 40 கோடி ஆண்டு.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறினால் அடிவாரத்திலேயே இறங்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் குகைக்குப் போகும் 272 செங்குத்துப் படிகள் மூச்சிரைக்க வைக்கும். மழை பிடித்தால் வழுக்கும். முழங்கால் மூடிய உடை வேண்டும்.

குரங்குக்குப் பயந்து பலர் வாழைப்பழம் நீட்டுகிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. நீள்வால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே தீனி என்றுதான் கணக்கு. பையைப் பிடுங்கினால் மல்லுக்கட்டாமல் விட்டுவிடுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குகைக் கூரையில் தொங்கும் கல்விழுதுகள், மழைநீர் கரைத்து வந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிந்தவை. தொட்டால் கையின் எண்ணெய்ப் பசை ஒட்டி, அந்த இடத்தில் வளர்ச்சி தடைபடும்.

இக்குன்றின் இருட்டுக் குகையில் ஒரு சிலந்தி உண்டு. தன் வளையின் வாசலுக்கு மூடி போட்டு, வெளியே பட்டு இழைகளைப் பரப்பி, அவற்றின் மேல் கால் நுனிகளை வைத்துக் காத்திருக்கும். பூச்சி இடறினால் மூடி திறக்கும்.

தைப்பூசத்தன்று மட்டும் பாறை பார்க்கப் போகாதீர்கள். 1892 முதல் அந்த நாள் காவடிக்கு உரியது.

வாசகர், சேலம்