முகத்தை மறைக்காமல் கொடுங்கள்

திரைப்படக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒரு காப்பகத்திடம் பல மாதம் கேட்டு, பணமும் கட்டி, 1920களில் வந்த மௌனக் காதல் படம் ஒன்றின் பிரதியைப் போன வாரம்தான் வாங்கினேன். காப்புரிமை எப்போதோ முடிந்த படம். திரைக்கு நடுவே காப்பகத்தின் முத்திரை, அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் நேர எண்கள். காதலன் எழுதிய கடிதத்தை நாயகி படிக்கும் க்ளோசப்பில் அந்த முத்திரை சரியாக அவள் கண்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அழுகிறாளா, அழுகையை அடக்குகிறாளா, தெரியவில்லை. அடுத்து திரையில் வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்து அட்டையின் கடைசி வரியையும் எண்கள் விழுங்கிவிட்டன.

பேச்சில்லாத படத்தில் முகம்தானே வசனம்? துரத்தல் காட்சியில் ஒரு மூலை மறைந்தாலும் கதை ஓடிவிடும், காதல் காட்சியில் இமை அசைவது தெரியாவிட்டால் எதுவுமே மிஞ்சாது. அதற்காகத்தான் நாங்கள் இந்தப் படங்களைத் தேடி அலைகிறோம். அப்புறம் அந்த நிறங்கள்: இரவென்றால் நீலம், விளக்கேற்றினால் அம்பர் என்னும் பொன்மஞ்சள் என்று பிலிமுக்கே சாயம் ஏற்றியிருப்பார்கள். எனக்கு வந்தது வெறும் கறுப்பு வெள்ளை.

முத்திரையில்லாத பிரதி கொடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

திருட்டுப் பிரதி பயம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் சேகரிப்பாளர் என்றாலே சந்தேகத்தோடு பார்ப்பது எந்த நியாயம்? குளோரியா ஸ்வான்சனும் வாலன்டினோவும் நடித்த 1922ஆம் ஆண்டின் ‘பியாண்ட் த ராக்ஸ்’ அழிந்தே போனது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, நெதர்லாந்தில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த டப்பாக்களிலிருந்துதானே அது திரும்பக் கிடைத்தது? அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் முதலில் வெளியான வடிவிலேயே மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் பதிவான நைட்ரேட் பிலிம் குளிர் அறையிலும் மெல்ல மெல்லச் சிதையத்தான் செய்யும். மிஞ்சியதையும் பூட்டியே வைத்தால் யாருக்காகக் காக்கிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிதையும் பிலிமை உங்கள் ஊழியர்கள் எவ்வளவு பொறுமையாக மீட்கிறார்கள் என்பதும் தெரியும். காப்பகத்தின் பெயரைப் படத்தின் தொடக்கத்தில் ஓர் அட்டையாகப் போடுங்கள், கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புரிமை முடிந்த மௌனக் காதல் படங்களையாவது அவற்றின் நிறத்தோடு, முகத்தின்மேல் எதுவும் இல்லாமல் தரும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மௌனப் படச் சேகரிப்பாளர் ஒருவர்