கேள்வி கேட்ட உறுப்பினர் பதிலையும் வாங்கி வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் சபை அமர்வுச் செய்திகளைத் தவறாமல் வாசிப்பவள் நான். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபை இரண்டு, பிரதேச சபை ஒன்பது என்று மொத்தம் 12 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன, அதில் ஏதாவது ஒன்றின் செய்தி அடிக்கடி வரும். இந்த உறுப்பினர் வீதி விளக்கு பற்றிக் கேட்டார், அந்த உறுப்பினர் வடிகான் பற்றிக் கேட்டார், கட்டாக்காலி மாடுகளால் விபத்து நடப்பதை இன்னொருவர் சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார், நடவடிக்கை எடுப்பதாகத் தவிசாளர் சொன்னார். செய்தி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் அந்த விளக்கு எரிந்ததா, அந்தக் கானைத் திருத்தினார்களா, மாட்டுக்காரருக்குத் தண்டம் விழுந்ததா என்று எந்தப் பக்கத்திலும் நான் வாசித்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், ஓர் ஒழுங்கை முனையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் பேச்சு அந்த ஒரு சபையோடு நின்றுவிடும். கடைக்கு வருகிற ஆட்களிடம் கேட்டால் மாவட்டத்தின் வடக்கே வாழைச்சேனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தவளும் இதையே சொல்கிறாள், தெற்கே களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலைக்குப் போகிறவரும் இதையே சொல்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும், உறுப்பினர்கள் சபையில் கேட்பதே வேண்டாத வேலை என்று நினைக்கிறவள் அல்ல நான். 2023 மார்ச் 19ஆம் திகதி சபைகளின் காலம் முடிந்தது, நடக்க இருந்த தேர்தல் தள்ளிப் போனது, 2025 மே 6ஆம் திகதிதான் திரும்ப வாக்களித்தோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் மெம்பர் என்று ஒருவரும் இல்லை. வீதியில் பல்ப் எரியாவிட்டால் நேரே காரியாலயத்துக்குப் போகவேண்டும், அங்கே போனால் அந்த உத்தியோகத்தர் வெளியில் போயிருப்பார், நாளைக்கு வாங்கோ என்பார்கள். கூலி வேலைக்குப் போகிற ஆளுக்கு ஒரு பல்புக்காக ஒரு நாள் சம்பளம் போகும். அந்த இரண்டு வருடத்தில்தான் மெம்பர் ஒருவர் இருப்பதன் அருமை எங்களுக்கு நன்றாக விளங்கியது.

2018இல் வந்த புது முறையில் வட்டாரங்களிலிருந்து நூற்றுக்கு 60 பேர், கட்சிகள் கொடுக்கிற பட்டியலில் இருந்து 40 பேர் என்று வந்துவிட்டது. முந்தி விருப்பு வாக்குக் காலத்தில் சபை முழுவதும் ஒரே தொகுதி மாதிரி, எங்கள் ஒழுங்கைக்கு இவர்தான் பொறுப்பு என்று யாரையும் பிடிக்க முடியாது. இப்போது வட்டாரத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார், வீடு எங்கே என்றும் தெரியும், போன் இலக்கமும் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம்.

சரி, எங்கள் கானின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கை பெருந்தெருவில் இருந்து வாவிப் பக்கம் சரிந்து போகிறது. மழைத் தண்ணீர் அந்த ஒழுங்கைக் கானால் ஓடி, ஒரு குறுக்கு வீதிக்குக் கீழே மதகால் கடந்து வாவிக்குப் போகவேண்டும். பத்து வருடத்துக்கு முந்தி அப்படித்தான் போனது. பிறகு பள்ளக் காணிகளைக் கிறவல் போட்டு உயர்த்தி வீடு கட்டினார்கள், மதில் வந்தது, கடைசியில் குறுக்கு வீதிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் எட்டு வீட்டு வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது. எங்கள் பக்கம் மணல் தரை, கிணற்றுத் தண்ணீர் மழைக் காலத்தில் கையால் அள்ளுகிற உயரத்துக்கு வந்துவிடும், மலசலகூடக் குழியும் அப்போதே நிரம்பும். குழாய்த் தண்ணீர் இருக்கிற வீட்டுக்குப் பரவாயில்லை, கிணற்றை நம்பி இருக்கிற வீடுகள் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று ஒரே கிழமையில் மூன்று வீட்டுத் தாய்மார் என் கடையில் ஜீவனி (கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூள்) வாங்கியிருக்கிறார்கள்.

புதுச் சபை வந்ததும் எங்கள் வட்டார உறுப்பினரிடம் சொன்னோம். நல்ல பொடியன், சொன்ன அடுத்த அமர்விலேயே எழுந்து கேட்டார். எங்கள் பகுதியில் வடிகான் துப்புரவு செய்யவில்லை, மக்கள் பெரும் அசௌகரியப்படுகிறார்கள் என்றார். அது பத்திரிகையிலும் வந்தது, படத்தோடு. அந்தத் துண்டை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பதில் என்ன வந்தது தெரியுமா? அந்தக் கான் ஏற்கனவே துப்புரவு செய்தாயிற்று என்று பதிவு இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான்! ஆட்கள் வந்து மண்வெட்டியால் மண் வாரினார்கள், நானே தேத்தண்ணி கொடுத்தேன். வாரிய மண்ணைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள், அடுத்த மழைக்கு அது திரும்பக் கானுக்குள் போனது, அது வேறு விசயம். மெம்பருக்கு அந்தப் பதிலுக்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் பிழை எங்கே என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் அவருக்குச் சரியாகக் காட்டவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததே, அந்தக் கிழமை தண்ணீர் என் கடை வாசற்படியில் ஏறி நின்றது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் பட்டியலில் தெரிவான பெண் உறுப்பினர் ஒருவர் வந்தார். எங்கள் வட்டாரமும் இல்லை, நாங்கள் வாக்குப் போட்ட கட்சியும் இல்லை. செருப்பைக் கழற்றி என் கடை வாசலில் வைத்துவிட்டு, சாறியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அந்த மதகு வரைக்கும் நடந்து போனார். பக்கத்து வீட்டு மேசன் தம்பியிடம் அளவு நாடா வாங்கி, அவரையே தண்ணீருக்குள் கைவிட்டு அளக்கச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது. முந்தி இரண்டடி அகலத்தில் இருந்த மதகை மூடிவிட்டு, கொங்கிறீட் போட்ட நேரத்தில் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து விட்டிருக்கிறார்கள்! அந்தக் குழாயின் வாயில் உரப் பை ஒன்று சொருகிக் கிடந்தது. எட்டு வீட்டுத் தண்ணீரும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். கானை மாதம் ஒரு முறை வாரினாலும் மார்கழித் தண்ணீர் போகாது.

அவர் ஒரு கொப்பியில் அளவை எழுதினார், மேசன் தம்பியின் போனில் படம் எடுத்தார், எட்டு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கினார். எங்கள் வட்டார மெம்பருக்கும் போன் எடுத்து, தம்பி நீங்களும் வாங்கோ, நீங்கள்தான் கேட்கவேண்டும், நான் ஆமோதிக்கிறேன் என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றைக்கும் பெரிதாகத்தான் தெரிகிறது.

அடுத்த அமர்வைப் பார்க்க நானும் போனேன். இந்த முறை கேள்வி வேறு. இந்த ஒழுங்கையில் இருந்த இரண்டடி மதகை எடுத்துவிட்டு ஒன்பது அங்குலக் குழாய் போட யார் மதிப்பீடு செய்தது, அதை மாற்ற எவ்வளவு செலவாகும், எந்த மாதம் மாற்றுவீர்கள்? துப்புரவு செய்தாயிற்று என்ற பழைய பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு தருவார் என்று முடிவானது.

ஆனால் இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அமர்வில் நடந்ததைப் பதிந்த கூட்டறிக்கையை எழுதிக் கேட்டார். கொடுக்கிறோமா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வந்த கூட்டறிக்கைப் பிரதியை என் கடையில் வைத்துத்தான் வாசித்தோம். வடிகான் தொடர்பாக உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர் என்று ஒரே ஒரு வரி. அளவும் இல்லை, யார் பொறுப்பு என்றும் இல்லை, திகதியும் இல்லை. நான் காதால் கேட்ட முடிவு அந்தத் தாளில் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கவலையை எழுதிக் காட்ட முடியாது. அந்த வரியைக் கொண்டுபோய்த்தான் மெம்பர்கள் இரண்டு பேரும் திரும்பச் சபையில் கேட்டார்கள், அப்புறம்தான் வேலை நகர்ந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். வீடு வளவுக்கான சோலை வரி கட்டினால் பற்றுச்சீட்டு தருகிறார்கள், ஜனவரி முடிய முந்தி முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவும் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிறது. அதே காரியாலயத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தால், அல்லது எங்களுக்காக ஓர் உறுப்பினர் சபையில் கேட்டால், அதற்கும் ஓர் இலக்கம் இருக்கவேண்டும். எந்த உத்தியோகத்தரின் கையில் இருக்கிறது, எந்தத் திகதிக்கு முந்தி முடியும் என்று கூட்டறிக்கையில் எழுதவேண்டும். அடுத்த அமர்வு தொடங்கினதும் புதுக் கேள்விக்கு முந்தி, போன மாதக் கேள்விகள் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கொப்பி போதும்.

எல்லா வீதியும் சபையின் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு வருகிற ஏ4 மாதிரி ஏ, பி தரப் பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை, சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்ச உள் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் சபைக்கு. தண்ணீர்க் குழாய் போடத் தோண்டின கிடங்கு என்றால் அது நீர் வழங்கல் சபைக்காரரின் பொறுப்பு. ஒரு கிடங்கில் மோட்டார் சைக்கிள் விழுந்தால் விழுந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அது தெரிந்திருக்க வேண்டியவர் உறுப்பினர். இது எங்கள் வீதி இல்லை என்று காரியாலயம் சொன்னதை எங்களுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகாமல், உரிய இடத்துக்குக் கடிதம் எழுதி அதன் பிரதி ஒன்றை எங்களிடம் தந்தால், அடுத்த படியை நாங்களும் சேர்ந்து ஏறுவோம்.

மாடுகள் விசயமும் அப்படித்தான். இரவு பத்து மணிக்குப் பிறகு தார் வீதியில் சூட்டுக்குப் படுத்திருக்கும், விளக்கும் எரியாத இடம் என்றால் கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருவன் இரவு வேலை முடிந்து வந்து மோதி, தோள் எலும்பு உடைந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். இதைச் சபையில் கேட்காத மெம்பர் இல்லை. எத்தனை மாடு பிடித்தீர்கள், எவ்வளவு தண்டம் அறவிட்டீர்கள், பிடித்த மாட்டைக் கட்ட இடம் இருக்கிறதா என்று மாதா மாதம் கணக்குக் கேட்ட மெம்பரை நான் இன்னும் காணவில்லை.

டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வருவார். வளவில் தண்ணீர் நின்ற சிரட்டை ஒன்று இருந்தால் இந்தத் திகதிக்குள் துப்புரவாக்கு என்று சிவப்பு அறிவித்தல் தருவார், அது சரிதான், நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளுக்குள் பறக்கத் தொடங்கிவிடும். எங்கள் சிரட்டைக்குத் திகதி குறிக்கிற மாதிரி, கைவிட்ட பொதுக் கட்டடங்களின் கூரைக்கும் பொதுச் சந்தைக்குப் பின்னால் குவிகிற ஐஸ்கிறீம் கோப்பைக்கும் திகதி குறிக்கச் சொல்லி உறுப்பினர்கள் கேட்கவேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அமர்வுச் செய்தி போடுகிற உங்கள் நிருபர் மூன்று மாதம் கழித்து அதே உறுப்பினருக்கு ஒரு போன் எடுத்து, அந்த விசயம் என்ன ஆனது என்று கேட்டு நாலு வரி போடட்டும். முடிந்தது என்றால் முடிந்தது என்று போடுங்கள், வேலை செய்தவருக்கும் அது மரியாதை. முடியவில்லை என்றால் எந்த மேசையில் கிடக்கிறது என்று போடுங்கள். கேள்வி கேட்ட நாளில் போட்ட படத்தின் அளவுக்கு அந்தச் செய்திக்கும் இடம் கொடுங்கள்.

எங்கள் மதகுக்குச் சித்திரை வருசம் முடிந்து பெரிய குழாய் வந்துவிட்டது. பெக்கோ வந்து கிண்டின அன்றைக்கு ஒழுங்கையே கூடி நின்று பார்த்தது. கானுக்கு மேல் போடவேண்டிய கொங்கிறீட் மூடி இரண்டு மட்டும் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம், பின்னேரத்தில் கோயிலுக்குப் போகிற வயதான பெத்தா (பாட்டி) ஒருவருக்குக் கண் மங்கல், அவர் வரும்போது யாராவது கையைப் பிடித்துக் கடத்திவிடுகிறோம். இந்த மாத அமர்வில் அந்த இரண்டு மூடியையும் கேட்பதாக மெம்பர் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் போக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒழுங்கை முனைக் கடைக்காரி,
மட்டக்களப்பு மாவட்டம்