ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப்: இங்கிலாந்தின் கால்பந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பினருக்கு,

வணக்கம். 2025இல் வந்த சட்டம் உங்களை உருவாக்கியது. அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் பெரி கிளப்பைத்தான் காட்டுவேன்.

மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பஞ்சாலை ஊர் பெரி. அங்கே இரண்டு தேவாலய அணிகள் ஒன்றுசேர்ந்து 1885இல் தொடங்கியது இந்தக் கிளப். அன்றிலிருந்தே அவர்கள் மைதானம் கிக் லேன்தான். 1894இல் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் சேர்ந்தார்கள். 1900இல் நாட்டின் பழம்பெரும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றார்கள். 1903இல் மறுபடியும் வென்றார்கள், அதுவும் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காமல்! இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்டியை 6-0 என்று துவைத்தெடுத்தார்கள். அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டியில் வேறொரு அணி அதே கோல் வித்தியாசத்தில் வெல்ல 2019 மே வரை ஆனது. வென்றது பக்கத்து ஊர் மான்செஸ்டர் சிட்டி. அடுத்த மூன்றே மாதத்தில் பெரி லீக்கிலேயே இல்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. கடனில் இருந்த கிளப் 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவரிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கான ஆதாரம் லீக்கின் கைக்கு வருமுன்பே விற்பனை முடிந்துவிட்டது. மைதானம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் வீரர்கள் அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்து மேல் பிரிவுக்கு முன்னேறினார்கள். இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அப்புறம் 2019 ஆகஸ்ட் 27. புது முதலாளி வந்துவிடுவார் என்று நம்பி, ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேனைச் சுத்தம் செய்தார்கள். வாங்க வந்த நிறுவனம் அன்றே பின்வாங்கியது. இரவுக்குள் லீக் பெரியை வெளியேற்றியது. 125 ஆண்டு உறுப்பினர்! கிளப்பை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் செய்ததற்குத் தண்டனை ஊருக்கு.

என் கோரிக்கை இதைப் பற்றித்தான். உரிமையாளரின் தகுதியைச் சோதிக்கவும், தகுதியில்லாதவரை வெளியேற்றவும் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ உங்கள் ஒப்புதல் வேண்டும். சரி, எழுத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எப்போது பயன்படுத்துவீர்கள்? முதல் மாதச் சம்பளம் தவறும்போதே கணக்கைக் கேளுங்கள். ஊழியர்களும் ரசிகர் சங்கமும் புகார் சொன்னால், அதை ஊர் வம்பு என்று ஒதுக்காதீர்கள். நிதி நெருக்கடி தணிக்கை அறிக்கையில் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் கிளப்புக்குக் கெடு வைக்காதீர்கள். கெடுவை உரிமையாளருக்கு வையுங்கள்.

பெரி ரசிகர்கள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. புதுக் கிளப் ஒன்றைத் தொடங்கிக் கீழ்மட்ட லீக்கிலிருந்து ஆடினார்கள். 2022இல் அரசின் 10 லட்சம் பவுண்டு உதவியோடு கிக் லேன் மீட்கப்பட்டது. பிரிந்து நின்ற ரசிகர்கள் 2023இல் வாக்கெடுப்பு நடத்தி இணைந்து, பழைய பெயரோடு பழைய மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

கிளப்புகளுக்கு நீங்கள் தரும் உரிமம் மேலிருந்து ஐந்தாம் அடுக்கு வரைக்கும்தான். பெரி இன்னும் அதற்குக் கீழேதான் ஆடுகிறது. அவர்கள் மேலே ஏறி வரும்போது அவர்களின் உரிம விண்ணப்பமும் உங்கள் மேசைக்கு வரும். அதற்குள் இன்னொரு ஊர் துடைப்பத்தோடு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு ஆட்டங்களை விடாமல் தொடரும் ஒரு ரசிகன்